மழமழ அடைத்த ஓட்டைகள்

"ரெண்டு மாசத்துக்காவது நீங்க தனியா இருக்கணும். நீங்க இருக்கிற அறையில வேற யாரும் படுக்கக் கூடாது" என்று டாக்டர் சொன்னபோது, காசநோய் வந்த ஒருத்தியின் முகம் எப்படி மாற வேண்டுமோ அப்படி அவள் முகம் மாறவில்லை. பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தவள் மாதிரி மலர்ந்துபோனது.

"ரெண்டு மாசம் போதுமா டாக்டர்?" என்று கேட்டாள். "கொஞ்சம் முத்தின நோய்தானே. மூணு மாசமாப் போட்டுக் குடுங்களேன்."

பக்கத்தில் நின்ற புருஷனுக்குச் சுருக்கென்றது. காலை மாத்திரை எது, வீட்டுப் பிள்ளைகளை எப்போது பரிசோதனைக்குக் கூட்டி வருவது என்று டாக்டர் அடுக்கிக்கொண்டே போனார். அவன் காதில் ஒன்றும் ஏறவில்லை. பெண்டாட்டி கேட்ட அந்தக் கூடுதல் ஒரு மாசத்திலேயே அவன் மனசு மாட்டிக்கொண்டு நின்றது.

வெளியே வந்ததும் வெடித்தான். "ஏண்டி, உனக்கென்ன சொர்க்கத்துக்கா டிக்கெட் போட்டுக் குடுத்தாங்க? பல்லைக் காட்டுற?"

"சொர்க்கத்துல கூட்டம் இருக்கும்யா. இது அதுக்கும் மேல" என்றாள் அவள், முகமூடிக்குள் இருமிக்கொண்டே.

அவள் அப்படிச் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அவர்கள் வீடு இரண்டு அறை. அதில் இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள், பேரன் பேத்திகள், அது போக அவனுடைய தம்பி ஒருத்தன். இரண்டு நாள் தங்கிவிட்டுப் போகிறேன் என்று ஒரு மழைக்காலத்தில் வந்தவன், அதற்கப்புறம் எத்தனையோ மழை பெய்து ஓய்ந்தும் போனபாடில்லை. அந்த வீட்டில் ஒருத்தர் புரண்டு படுத்தால் ஐந்து பேர் விழிக்க வேண்டும். குளியலறைக் கதவை யாராவது தட்டாமல் அவள் குளித்து முடித்த நாள் ஒன்றிருந்தால், அன்று ஊரில் தண்ணீர் வந்திருக்காது.

புருஷனுக்கு வேலை செய்யும் இடத்தில் மழமழ என்று பெயர். பூச்சு வேலைக்காரன். அவன் தேய்த்துவிட்ட சுவரில் ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழும் என்பார்கள். "சுவரு மட்டும்தான் மழமழ" என்பாள் பெண்டாட்டி. இளவயதில் அவனுக்குக் கலவை தூக்கிய சித்தாள் அவள்தான். அந்தத் தூசியும் இந்த நோயும் உறவா இல்லையா என்று டாக்டர் எதுவும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

தனியாக இருப்பதற்கு இடம் எங்கே என்று வெளியில் தேட வேண்டியிருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் கிடந்த காலிமனையில், இந்த மாதிரி ஒதுங்கி இருக்க வேண்டியவர்களுக்கென்றே சின்னச் சின்ன வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. முதல் வீடு முடிகிற நிலைமை. அதைப் பூசிக்கொண்டிருந்ததே மழமழதான். நர்சம்மா வந்து சோதித்துச் சரி என்று சொல்லிவிட்டால், முதலில் குடி போவது அவன் பெண்டாட்டி என்று முடிவாயிற்று. அதுவரை அவள் வார்டின் கடைசிக் கட்டிலில் இருக்க வேண்டியது.

அந்த வீடுகளை வரைந்தவள் ஒரு சின்ன வயசுப் பெண். எந்நேரமும் கக்கத்தில் சுருட்டிய காகிதம். ஆட்கள் அவளை ப்ளான்காரம்மா என்றார்கள். அவள் சொன்ன வீடு முதலில் யாருக்கும் மண்டையில் ஏறவில்லை. ஒரே அறை. ஒரு மூலையில் அடுப்பு மேடை. சுவர் சுடாத மண்கல்லில். சுவரில் சிமெண்டு மூச்சே விடக் கூடாது, அது அஸ்திவாரத்தோடு சரி. கூரைமேல் புல். குளித்த தண்ணீர் வாசல் செடிகளுக்கு, மழைத் தண்ணீர் தொட்டிக்கு, விளக்குக்கு வெயில். கழிவறையில் தண்ணீருக்குப் பதிலாக ஒரு டப்பா மரத்தூள். போய்விட்டு ஒரு பிடி தூவினால் போதும், நாளடைவில் அது உரமாகிவிடும் என்றாள்.

கொத்தனாருக்குத் தூக்குக்குண்டு என்று பெயர். ஒல்லி உடம்பு, பெரிய தலை. அவன்தான் முதலில் வாயைத் திறந்தான். "கூரையில புல்லு, பாத்ரூம்ல மரத்தூளு. ஒரு மாட்டைக் கொண்டாந்து கட்டிட்டா வீடு முடிஞ்சுதும்மா."

"மாடு நிம்மதியா இருக்கிற இடத்துல மனுஷனும் இருப்பான் கொத்தனாரே. கட்டுங்க" என்றாள் அவள்.

சுவர் இடுப்பளவு எழும்பியதும் எல்லோரையும் உள்ளே கூப்பிட்டுத் தரையில் படுக்கச் சொன்னாள். நோயாளி பகல் முழுக்கப் படுத்தே கிடப்பார், படுத்தபடி வெளியே பார்க்க ஜன்னல் எந்த உயரத்தில் வர வேண்டும் என்று அளக்கப் போகிறாளாம். படிக்கிற காலத்தில் அவளே ஒரு விடுதி அறையில் காய்ச்சலோடு தனியாகக் கிடந்திருக்கிறாள். ஜன்னல் தலைக்கு மேலே எங்கோ இருந்திருக்கிறது. "ட்யூப்லைட்டைத் தவிர வேற ஒண்ணும் கண்ணுல படல. அதுல செத்துக் கிடந்த பூச்சிக்கெல்லாம் பேர் வெச்சேன்" என்றாள். ஆட்கள் வரிசையாகப் படுத்தார்கள். அவள் நூலைப் பிடித்து ஏற்றி இறக்கி, "தெரியுதா? ரோடு தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். மூன்றாவது ஆளிடமிருந்து பதில் வரவில்லை. குனிந்து பார்த்தால் தூங்கிவிட்டிருந்தான். அவனைப் பார்த்து அடுத்தவனும் தூங்கினான். அன்றைக்கு ஜன்னலின் உயரம் கிடைத்தது, வேலைதான் நடக்கவில்லை.

கதவை இரண்டு துண்டாகப் போடச் சொன்னாள். கீழ்ப்பாதி சாத்தியிருக்க, மேல்பாதியைத் திறந்து வைத்துப் பேசலாம். பார்க்க வருகிறவர்கள் உட்காரச் செடிப் பாத்திக்கு அந்தப் பக்கம் ஒரு கல் பலகை. அது எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்பதற்கும் ஒரு கூத்து நடந்தது. தூக்குக்குண்டை உள்ளே நிறுத்தி மெதுவாகப் பேசச் சொல்லி, அவள் வெளியே நகர்ந்து நகர்ந்து நின்று கேட்டாள். அவன் வாய்க்கு வந்ததையெல்லாம் முணுமுணுத்தான். "நீங்க திட்டுறது கேக்குது. தும்மினா எட்டாது. பலகை இங்க வரட்டும்" என்று கோடு கிழித்தாள்.

காற்றைப் பற்றியும் ஒருநாள் எல்லோருக்கும் சொன்னாள். அன்று மழமழ பெண்டாட்டியை எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிப்போயிருந்தான்.

வினை அங்கேதான் பிடித்தது.

சுவர் பூசுவதற்குச் சாரம் கட்டுவார்கள். கழியின் ஒரு முனையைச் சுவரிலேயே சொருகித்தான் கட்டுவது. வேலை முடிந்து சாரத்தைப் பிரித்தால் சுவரில் அங்கங்கே ஓட்டை நிற்கும். அதை அடைப்பதுதான் பூச்சுக்காரனின் கடைசி வேலை. அடைக்காமல் விட்டுப் போகிறவனை, முன்பல் இல்லாத பெண்ணைச் சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்தவன் என்று கேலி செய்வார்கள். மழமழவுக்கோ ஓட்டை என்றாலே ஆகாது. மற்றவர்கள் வீட்டுக்கு விருந்துக்குப் போனாலும் சுவரில் ஆணி பிடுங்கிய இடத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிற ஆள்.

ப்ளான்காரம்மா வேறு வேலையாக ஒரு வாரம் வெளியூர் போயிருந்தாள். தூக்குக்குண்டு அடுத்த வீட்டு அஸ்திவாரத்துக்கு நகர்ந்துவிட்டான். மழமழ தனியாளாக நின்று முதல் வீட்டுச் சுவரைப் பார்த்தான். கீழே ஓட்டை, மேலே ஓட்டை, நடுவில் ஓட்டை. பெண்டாட்டி வந்து படுக்கப் போகிற வீடு. பல்லி வரும், பாம்பு வரும், பனி வரும். அஸ்திவாரத்துக்கு வந்து மிஞ்சிய சிமெண்டைக் குழைத்து, கல் துண்டை உள்ளே தள்ளி, ஒவ்வொன்றையும் கெட்டியாக அடைத்தான். அதன்மேல் மண்ணும் சுண்ணாம்பும் கலந்த பூச்சைப் போட்டு மணியாஸ் கட்டையால் தேய்த்து, ஈரத் துணியால் துடைத்துவிட்டான். பெண்டாட்டிக்கு அவன் பூ வாங்கிக் கொடுத்தே வெகு காலம் ஆயிற்று. இது அந்தக் கணக்கில் சேரட்டும் என்று நினைத்துக்கொண்டான்.

வெளியூரிலிருந்து ப்ளான்காரம்மா ஒரு சாக்கு மூட்டையோடு வந்து இறங்கினாள். உள்ளே சுட்டமண் ஜாலிகள். உள்ளங்கை அகலத்தில், பூப்போட்ட மாதிரி துளைகள். மூட்டையை வைத்துவிட்டு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றினாள். பிறகு இன்னொரு சுற்று.

"அண்ணா, இந்தச் சுவத்துல ஓட்டைங்க இருந்துச்சே?"

"இருந்துச்சும்மா" என்றான் மழமழ, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. "கண்டபடி விட்டுட்டுப் போயிருந்தாங்க. நான் ஒண்ணு விடல. தடவிப் பாருங்க, எங்க இருந்துச்சுன்னே தெரியாது."

அவள் தடவிப் பார்த்தாள். தெரியவில்லை.

"எதை வெச்சு அடைச்சீங்க?"

"சிமெண்டும்மா. சாகுற வரைக்கும் அசையாது."

"யாரு சாகுற வரைக்கும்?" என்று கேட்டுவிட்டு அவள் மணல் குவியலில் உட்கார்ந்துவிட்டாள்.

அங்கே உட்கார்ந்தபடியே விளக்கினாள். நிழல் பக்கத்துக் கீழ் ஓட்டைகளில் குளிர்ந்த காற்று நுழையும். எதிர்ச்சுவரின் மேல் ஓட்டைகள் வழியே சூடான காற்று வெளியேறும். மழைக்கு ஜன்னலைச் சாத்தினாலும் அறைக்குள் காற்று நடந்துகொண்டே இருக்கும். இருமுகிறவர் இருக்கிற அறையில் காற்று நின்றுபோனால், அந்த இருமலும் உள்ளேயே நிற்கும். மருந்து கொடுக்க உள்ளே போகிற நர்சம்மாவுக்கும் ஆபத்து. "அது இந்த வீட்டோட மூக்குண்ணா. அத்தனை மூக்கையும் அடைச்சு வெச்சிருக்கீங்க."

"சளி புடிச்ச வீடு" என்றான் அந்தப் பக்கமிருந்து தூக்குக்குண்டு. யாரும் சிரிக்காததால் அவனே சிரித்தான்.

மழமழ அவன்மேல் பாய்ந்தான். "உனக்குத் தெரியும்ல? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

"நீ எங்கய்யா பேச விட்ட? ஒரு வாரமா மூஞ்சிய உரல் மாதிரி வெச்சுக்கிட்டு வேலை செஞ்ச. பொண்டாட்டி தனியாப் போறாளேன்னு துக்கம். அந்த மூஞ்சிகிட்ட எவன் பேசுவான்?"

ப்ளான்காரம்மா காகிதத்தை விரித்தாள். அதில் ஓட்டைகள் குறித்திருந்தன. ஆனால் கல் சரியாக வந்து விழாததால் சிலதை ஒரு வரி மேலே, சிலதை ஒரு வரி கீழே தள்ளி வைத்ததாகத் தூக்குக்குண்டு தலையைச் சொறிந்தான். எதை எங்கே தள்ளினான் என்று அவனுக்கே தெரியவில்லை. மண்சுவரைக் குத்துமதிப்பாகக் குடைந்தால் வீணாகும். நாளைக் காலையில் நர்சம்மா வருகிறாள். ஊதுபத்தி கொளுத்திப் பார்ப்பாள். புகை நகரவில்லை என்றால் வீடு தேறாது. வார்டில் கட்டிலுக்கு ஆள் காத்திருக்கிறது. நோயாளியை வீட்டுக்குத்தான் அனுப்ப வேண்டும், ஒரு மூலையில் ஒதுங்கி இருக்கச் சொல்லி.

வீட்டுக்கு. அந்த ஒரு வார்த்தை மழமழ காதில் விழுந்த விதமே வேறு. இந்த ஒரு வாரமாக அந்த வீட்டில் சட்டை எங்கே என்று கேட்டால் ஆளாளுக்கு ஒரு திசையைக் காட்டினார்கள். ராத்திரி பக்கத்தில் தம்பி படுத்துக்கொண்டு, தான் செய்யப் போகிற வியாபாரங்களைச் சொன்னான்.

"எங்கெங்க அடைச்சீங்கன்னு உங்களுக்குக் கொஞ்சம்கூட நினைவில்லையாண்ணா?"

இருந்தது. முழுக்க இல்லாவிட்டாலும் வாசல் பக்கத்துக் கீழ் ஓட்டை, தொட்டிக்கு மேலே ஒன்று என்று பாதி நினைவிருந்தது. மீதியைக் கண்டுபிடிக்கிற வழியும் தெரியும்.

"இல்லம்மா" என்று வாய் முந்திக்கொண்டது. "அதுவுமில்லாம, பூசின சுவரை இனிமே தொட்டா மொத்தமாப் பேத்துக்கிட்டு வந்துடும்."

அவள் அவனை ஒரு மாதிரி பார்த்தாள்.

சாயங்காலம் அவன் வார்டுக்குப் போனான். உள்ளே விடமாட்டார்கள். வெளியே சுற்றிப் போய்க் கடைசி ஜன்னலுக்குக் கீழே நின்றான். அவள் கம்பியைப் பிடித்தபடி எட்டிப் பார்த்தாள். முகமூடிக்கு மேலே கண் மட்டும். அந்தக் கண்ணே பாதி விஷயத்தைக் கேட்டுவிடும்.

"வீடு தேறாது போலடி" என்றான், முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு. "உள்ள காத்து வரல. நாளைக்கு நர்சம்மா பாத்தா வேணாம்னுடுவாங்க. விடு, நமக்குன்னு வீடு இல்லையா? மூலையில ஒரு போர்வையைக் குறுக்க கட்டித் தர்றேன்."

"ஏன் காத்து வரல?"

"கட்டினவன் சரியில்ல."

"கட்டினவன் தூக்குக்குண்டு. அவன் வாய்தான் கோணல், சுவரு நேரா நிக்கும். பூசினவன் யாரு?"

மழமழ ஆஸ்பத்திரிச் சுவரில் பெயர்ந்திருந்த ஒரு துண்டை நகத்தால் நோண்டினான்.

"யோவ், இங்க பாரு. ஓட்டைய அடைச்சியா?"

"சாரத்து ஓட்டைன்னு நெனச்சேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு இருமலாயிற்று, இருமல் மறுபடி சிரிப்பாயிற்று. கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள். அடுத்த கட்டில்காரி என்னவென்று கேட்க, "என் புருஷன் எனக்கு வீடு கட்டித் தர்றாரு, மூச்சு விட வழியில்லாம" என்று சொல்வது வெளியே கேட்டது. திரும்பி வந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"சரி, எங்க அடைச்சன்னு தெரியும்தானே? திறக்க வேண்டியதுதானே?"

"தெரியலன்னு சொல்லிட்டேன்."

சிரிப்பு நின்றது. "அடைச்சது உன் கை பண்ணின வேலை. அதை நான் ஒண்ணும் சொல்லல. தெரியலன்னு சொன்னது யாரு?"

"நீ இல்லாம வீடு நல்லாவே இல்லடி."

"சட்டை எடுத்துக் குடுக்க ஆளில்ல."

"அதுவும்தான்."

"நான் எங்க தூங்கினேன்னு உனக்குத் தெரியுமா?" குரலைத் தாழ்த்தினாள். "இந்த நாலஞ்சு மாசமா? அடுப்பங்கரைக் கதவுகிட்ட. உக்காந்தே. சின்னப் பேத்தி என் மடியைத் தேடி வந்துடுவான்னு கதவைச் சாத்திக்கிட்டு, துணியை வாயில திணிச்சுக்கிட்டு இருமுவேன். நீ விட்ட குறட்டைக்கு நடுவுல அது உனக்கு எங்க கேக்கப் போகுது? எனக்குப் படுக்கணும்யா. காலை நீட்டிப் படுக்கணும். இருமல் வந்தா வாயத் தொறந்து இருமணும், யாரு மேல படுதோன்னு பாக்காம. இதுல நீ போர்வை கட்டித் தர்றியா? போர்வை!"

சொல்லிவிட்டு அவள் ஜன்னலைச் சாத்தப் போனாள். பாதியில் நிறுத்தி, "தண்ணிய அடிச்சுப் பாரு" என்றாள். "மண்ணு குடிக்கும், சிமெண்டு குடிக்காது."

"தெரியும்."

"தெரியும்னு எனக்கும் தெரியும். போ."

மறுநாள் வெளிச்சம் வந்ததும் மழமழ வேலையிடத்துக்கு வந்தான். ப்ளான்காரம்மா அவனுக்கு முன்னாலேயே வந்து, ஒரு குச்சியால் சுவரைத் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நேத்து நான் சொன்னது பொய்."

"தெரியும்ணா."

"எப்படி?"

"நீங்க பூசின சுவரு பேத்துக்கிட்டு வரும்னு நீங்களே சொல்றீங்க. அதை எப்படிண்ணா நம்புறது?"

அதற்கு மேல் அதைப் பற்றி அவள் பேசவில்லை. அவன் குழாயை இழுத்து வந்து சுவரில் தண்ணீரைப் பூவாகத் தெளித்தான். சுண்ணாம்புப் பூச்சு நனைந்து கறுத்தது. காத்திருந்தார்கள். பின்னால் இருந்த மண்கல் ஈரத்தை உறிஞ்ச, சுவர் மெல்ல வெளுக்க ஆரம்பித்தது. சிமெண்டு இருந்த இடங்கள் மட்டும் வெளுக்காமல், ஈரத் திட்டாக ஒவ்வொன்றாகத் தெரிந்தன. சுவருக்கு அம்மை போட்ட மாதிரி.

வாங்கி வந்த ஜாலிகளைவிடத் திட்டுகள் அதிகமாக இருந்தன.

"இதுல எது காத்து, எது சாரம்?" என்றாள் ப்ளான்காரம்மா.

தூக்குக்குண்டு ஒன்றைக் காட்டி இது காற்று என்றான். மழமழ அது சாரம் என்றான். இரண்டு பேரும் குரலை உயர்த்தினார்கள். காகிதத்தை நேராகவும் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"எல்லாத்தையும் தொறந்துடுவோம்" என்றான் மழமழ கடைசியில். ஆயுசில் தன் வாயால் சொல்வோம் என்று அவன் நினைத்துப் பார்த்திராத சொல்.

தூசி கிளம்பாமல் தண்ணீரை விட்டு விட்டு உளியை வைத்தார்கள். மண் விட்டுக்கொடுத்தது. சிமெண்டு கொடுக்கவில்லை. வியர்வை கண்ணில் இறங்க, மணிக்கட்டு கடுக்க, மழமழ உளியைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கத்தினான்: "எந்தப் பாவிடா இதை இவ்ளோ கெட்டியா வெச்சது!"

"நீதான்யா" என்றான் தூக்குக்குண்டு சுவருக்கு அந்தப் பக்கமிருந்து. இந்தத் தடவை எல்லோரும் சிரித்தார்கள். மழமழகூட.

கடைசி ஜாலியை வைத்து ஓரத்தைப் பூசிக்கொண்டிருக்கும்போதே நர்சம்மா வந்துவிட்டாள். ஜாலி போதாத ஓட்டைகளுக்குக் கொசுவலைத் துண்டை அறைந்திருந்தார்கள். அவள் ஜன்னலையும் கதவையும் சாத்தச் சொல்லி, ஊதுபத்தியைக் கீழே பிடித்தாள். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு புகையைப் பார்த்தார்கள். அது முதலில் ஒன்றும் புரியாதது மாதிரி அங்கேயே சுருண்டது. பிறகு சாய்ந்தது. பிறகு, மணி அடித்ததும் ஓடுகிற பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி எதிர்ச்சுவர் ஓட்டைகளில் முண்டியடித்து வெளியேறியது.

"நல்லாப் போகுதே" என்றாள் நர்சம்மா. அப்புறம் கட்டில் தலைமாட்டுக்கு நேரே, நடுச்சுவரில் அநாதையாக நின்ற ஒரு ஓட்டையைக் காட்டினாள். "இது எதுக்கு?"

அது சந்தேகமே இல்லாமல் சாரத்து ஓட்டை. மழமழ தரையைப் பார்த்தான். தூக்குக்குண்டு கூரையைப் பார்த்தான்.

"அது கூடுதல் காத்துக்கு மேடம்" என்றாள் ப்ளான்காரம்மா, கண்ணைச் சிமிட்டாமல்.

மத்தியானத்துக்கு முன்னால் பெண்டாட்டி வந்து சேர்ந்தாள், ஒரு துணிப்பை, ஒரு தண்ணீர்க் குடுவையோடு. வாசலில் நின்று சுவரை மேலிருந்து கீழே பார்த்தாள். "என்னய்யா இது? வீடு கேட்டா சல்லடை கட்டி வெச்சிருக்க?"

நர்சம்மா ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தாள். மரத்தூள் டப்பாவைக் காட்டி, போய்விட்டு வரும்போதெல்லாம் ஒரு பிடி தூவ வேண்டும் என்றாள். "வெளிய நின்னு யாரும் கதவைத் தட்ட மாட்டாங்கல்ல?" என்று கேட்டாள் அவள். "அப்ப மரத்தூள் என்ன, பூவே தூவுறேன்."

அப்புறம் படுத்துப் பார்த்தாள். தலையணையில் தலை வைத்ததும் ஜன்னல் வழியே செடிப் பாத்தி, அதற்கப்பால் வேலி, வேலிக்கப்பால் ரோடு. ஒருத்தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான். பின்னால் இரண்டு பெண்கள் சண்டை போட்டுக்கொண்டே நடந்தார்கள். அவள் தலையைத் திருப்பாமல் அவர்கள் மறையும்வரை பார்த்தாள். "பாதிச் சண்டையிலேயே போயிட்டாளுங்களே" என்று வருத்தப்பட்டாள்.

எல்லோரும் கலைந்ததும் மழமழ கல் பலகையில் வந்து உட்கார்ந்தான். அவள் கதவின் மேல்பாதிக்குப் பின்னால் நின்றாள்.

"சின்னவ அழுதாளா?" என்று கேட்டாள்.

"அழுதா. நேத்து ஆஸ்பத்திரில சோதிச்சாங்க. அவளுக்கு ஒண்ணும் இல்லன்னுட்டாங்க."

அவள் கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரி, கிளம்பு" என்றாள்.

"இப்பத்தானே வந்தேன்?"

"வந்துட்டல்ல. பாத்துட்டல்ல. கிளம்பு."

"நாளைக்கு வரேன்."

"தினம் எதுக்கு? ஒருநாள் விட்டு ஒருநாள் வா."

"நான் இங்கதானடி வேலை செய்யுறேன்! பக்கத்து வீட்டுல!"

"வேலை செய்யி. இந்தப் பலகைக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் வா."

"நான் இல்லாம நீ இருந்துடுவியா?"

அவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். கேட்டதற்காக ஒரு பதிலைச் சொல்லிவைக்கிற ஆளில்லை.

"இருந்து பாத்தாத்தானய்யா தெரியும்?"

மேல்பாதிக் கதவும் சாத்திக்கொண்டது. உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. ஒரு பெரிய இருமல் எழுந்தது, வாயை முழுசாகத் திறந்து, யாருக்கும் பயப்படாமல், நாலு வீதிக்குக் கேட்கிற மாதிரி. அதற்கப்புறம் சத்தமில்லை.

மழமழ எழுந்து போகவில்லை. கோபமாக உட்கார்ந்திருந்தான். திட்டுவதற்கு நல்ல நல்ல வார்த்தைகளாகச் சேர்த்துக்கொண்டிருந்தான். அப்போது அந்த அநாதை ஓட்டையின் கொசுவலை வழியாக ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. முதலில் பூனை உறுமுவது போல. போகப்போக ரம்பம் இழுப்பது போல. இத்தனை வருஷத்தில் அவள் குறட்டை விட்டு அவன் கேட்டதே இல்லை. அவன் குறட்டைதான் முந்திக்கொள்ளும். நடுப்பகலில், செடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, பெண்டாட்டி தூங்குவதை முதல் தடவையாகக் கேட்டான். சேர்த்து வைத்த வார்த்தைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன.

அதே நேரத்தில்தான் அடுத்த வீட்டு அஸ்திவாரத்துக்குக் கலவை இயந்திரத்தைத் தூக்குக்குண்டு முடுக்கிவிட்டான். ஜல்லியும் சிமெண்டும் உள்ளே உருண்டு கடகடவென்று மனையே அதிர்ந்தது.

மழமழ ஒரே ஓட்டமாக ஓடிப் போய் இயந்திரத்தை நிறுத்தினான்.

"யோவ்! என்னய்யா பண்ற? கரண்ட் போச்சா?"

"தூங்குறா."

"தூங்கட்டும், அதுக்கு? உள்ள கலவை கிடக்கு. நின்னா இறுகிடும்!"

"இறுகட்டும்."

"யாரு உடைச்சு எடுக்கிறது?"

"நான் எடுக்கிறேன்."

தூக்குக்குண்டு அவன் முகத்தைப் பார்த்தான். மண்வெட்டியைச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டு, நிழல் பார்த்து மணலில் சாய்ந்தான். மற்ற ஆட்களும் ஒவ்வொருவராகச் சாய்ந்தார்கள். ப்ளான்காரம்மா காகிதச் சுருட்டோடு வேகமாக வந்தாள், ஏன் வேலை நிற்கிறது என்று கேட்க. மழமழ உதட்டில் விரலை வைத்து, அந்தச் சின்ன வீட்டைக் காட்டினான்.

அவள் நின்று காதுகொடுத்தாள். கேட்டுவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, ஜல்லிமேல் அடி வைத்து மெதுவாகத் திரும்பிப் போனாள்.